காலிஃபிளவர் ஏன் பூ வைக்கவில்லை?
காய்கறிப் பயிரும் குளிரும்: ஒரு பாடம்



சென்ற வைகாசியில் ஒரு ஜும்ஆ நாள். தொழுகை முடிந்து அறக்கட்டளை அலுவலகத்தைத் திறந்த சிறிது நேரத்தில் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரி உள்ளே வந்தார். கையில் ஒரு பை. அதிலிருந்து வேரோடு பிடுங்கிய ஒரு காலிஃபிளவர் செடியை எடுத்து மேசை மேல் வைத்தார். முழங்கால் உயரம், அகல அகலமாக இலைகள், பார்க்கச் செழிப்பாகவே இருந்தது. ஆனால் நடுவில் பூ இல்லை.

“அண்ணே, மூணு மாசம் தண்ணி ஊத்தினேன். குழாய்த் தண்ணி வர்ற நாளெல்லாம் ரெண்டு குடம் இதுக்குன்னு ஒதுக்கி வச்சேன். இலையா வருது, பூவே வரலை. நான் என்ன தப்புப் பண்ணேன்?” என்று கேட்டார்.

அன்று எங்களிடம் பதில் இல்லை. விசாரித்துச் சொல்கிறோம் என்று அனுப்பி வைத்தோம். மலை மேல் காய்கறி பயிரிடும் நம் சகோதரர்களிடமும், மண்டியில் பல வருடம் வேலை பார்த்தவர்களிடமும், தோட்டக்கலை படித்தவர்களிடமும் கேட்டோம், நாங்களும் படித்தோம். பிறகுதான் விளங்கியது: தப்பு அந்தச் சகோதரியுடையதல்ல, எங்களுடையது.

கடந்த ரமளானில் ஜகாத் உதவியோடு சேர்த்து வீட்டுத் தோட்டத்துக்கென்று விதைப் பாக்கெட்டுகளும் கொடுத்தோம். அது மாசி மாதத்தின் பிற்பகுதி. அவற்றில் காலிஃபிளவரும் கேரட்டும் இருந்தன. குளிரில் விளைய வேண்டிய பயிர்களை, கோடை வாசலில் நிற்கும்போது, மேட்டுப்பாளையத்து வெயிலில் விதைக்கச் சொல்லிவிட்டோம். பாக்கெட்டின் பின்புறம் பருவம் அச்சிடப்பட்டிருந்தது. வாங்கிய நாங்கள் அதைப் படிக்கவில்லை.

அந்தச் சகோதரிக்குத் தர வேண்டிய பதிலை எல்லாக் குடும்பங்களும் அறிந்துகொள்ளட்டும் என்றுதான் இந்த இதழில் இதைப் பாடமாகவே எழுதுகிறோம்.

குளிருக்கு மூன்று வேலைகள்

நம் ஊர் மலையடிவாரம். இங்கிருந்து கல்லாறு, பர்லியாறு தாண்டி குன்னூர், ஊட்டி என்று ஏறினால் ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் 6 டிகிரி வீதம் வெப்பம் குறைந்துகொண்டே போகும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊர் முந்நூறு மீட்டரைச் சற்றே தாண்டும். ஆகவே ஒரே நாளில், ஒரே நேரத்தில், அங்கும் இங்கும் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம். மேலிருந்து இறங்கி நம் மண்டிகளுக்கு வரும் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், பூண்டு எல்லாம் அந்த வித்தியாசத்தின் விளைச்சல்.

காய்கறிப் பயிர்களில் குளிர் மூன்று விதமாக வேலை செய்கிறது. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் தவறு நேர்கிறது.

முதலாவது, வளர்ச்சிக்கு ஏற்ற குளிர்ச்சி. கேரட், பீட்ரூட், முள்ளங்கி, முட்டைக்கோஸ் போன்றவை 15 முதல் 20 டிகிரி வரையுள்ள இதமான குளிரில் நன்றாக வளரும். கேரட்டுக்கு நிறமும் இனிப்பும் அந்த அளவில்தான் நன்கு ஏறும். வெயில் கூடினால் கிழங்கு கட்டையாகி, நிறம் வெளிறி, நார் பாய்ந்துவிடும்.

இரண்டாவது, பூப்பதற்கான கட்டளை. சில பயிர்கள் குறிப்பிட்ட காலம் குளிரில் இருந்தால்தான் பூக்கும். இதைக் குளிர்ப்பதனம் என்று தாவரவியல் பாடங்களில் சொல்வார்கள்.

மூன்றாவது, கேடு. வெப்ப நாட்டுப் பயிர்களான வெண்டை, கத்தரி, தக்காளி, சுரை, வெள்ளரி ஆகியவற்றுக்குக் கடுங்குளிர் நோய் போல.

கணக்கு வைக்கும் குருத்து

கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், வெங்காயம் ஆகியவற்றின் பூர்வீகம் குளிர்காலம் உள்ள நாடுகள். இவை ஈராண்டுப் பயிர்கள். முதல் பருவத்தில் இலை விட்டு, கிழங்கிலோ இலைக்கட்டிலோ உணவைச் சேர்த்து வைக்கும். பிறகு குளிர்காலத்தைக் கழிக்கும். குளிர் விலகியதும் சேர்த்த உணவைச் செலவழித்துப் பூத்தண்டு விட்டு, விதை கொடுத்து, மடிந்துபோகும். நாம் சமைத்துச் சாப்பிடுவதெல்லாம் அவை அடுத்த பருவத்துக்கென்று சேமித்து வைத்ததைத்தான்.

குளிர்காலத்துக்கு முன்பே பூத்துவிட்டால் பனியில் பூவும் விதையும் அழிந்துவிடும். அப்படி நேராதபடி வல்ல இறைவன் அந்தச் செடிக்குள் ஒரு காவலை வைத்திருக்கிறான். கோஸ், கடுகுக் குடும்பத்துச் செடிகளில் பூப்பதைத் தடுத்து நிறுத்தும் ஒரு மரபணு உண்டு. ஓரிரு நாள் குளிர் அதை அசைக்காது. வாரக்கணக்கில் குளிர் நீடித்தால் அது சிறிது சிறிதாக அடங்கி, கடைசியில் மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு வெயில் வந்தாலும் அந்தச் செடியில் அது திறப்பதில்லை. தடை நீங்கியதால் செடி பூக்கிறது.

இந்தக் குளிரை உணரும் இடம் நுனிக்குருத்து. செலரி என்ற கீரைச் செடியில் குருத்தை மட்டும் குளிர்வித்து, மற்ற பாகங்களை வெதுவெதுப்பாக வைத்துச் சோதித்தபோது செடி பூத்தது. குருத்தை வெப்பத்தில் வைத்து இலைகளை மட்டும் குளிர்வித்தபோது பூக்கவில்லை.

நோன்பை நாள் கணக்கில் எண்ணுவது போல, செடியும் குளிர்ந்த நாட்களை எண்ணுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கணக்கு நிறையும் முன்பே நடுவில் 25, 30 டிகிரி வெப்பம் சில நாட்கள் அடித்தால், எண்ணியதில் ஒரு பகுதி அழிந்துபோகும்.

ஊட்டியில் பயிராகும் ஐரோப்பிய வகைக் கேரட் பூப்பதற்கு, சுமார் 5 முதல் 10 டிகிரி வரையுள்ள குளிர் ஆறு முதல் எட்டு வாரங்கள் வேண்டும். மார்கழியிலும் நம் ஊர் இரவுகள் அவ்வளவு இறங்குவதில்லை. அதனால் இங்கே அந்தக் கேரட் சுமாராகக் கிழங்கு விட்டாலும் விதை தராது. ஊட்டி 1 என்ற பீட்ரூட் ரகம் நீலகிரிக் குளிரில் விதை பிடிக்கிறது என்பது அதன் சிறப்புகளில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. வட இந்தியச் சமவெளியின் சிவப்புக் கேரட் போன்ற ஆசிய வகைகளுக்கு அவ்வளவு குளிர் தேவையில்லை. சமவெளியிலேயே பூத்து விதை தந்துவிடும்.

எந்த வயதில் குளிர் பிடிக்கும்?

எல்லாப் பயிரும் ஒரே வயதில் குளிரை உணர்வதில்லை. முள்ளங்கியும் சீன முட்டைக்கோஸும் முளைக்கும் விதையாக இருக்கும்போதே குளிரைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே மலை மேல் கடுங்குளிரில் விதைத்த முள்ளங்கி, கிழங்கு பருக்கும் முன்பே பூத்தண்டு விட்டுவிடுவது உண்டு. தண்டு கிளம்பிய முள்ளங்கி உள்ளே நெட்டியாகிவிடும். மண்டியில் அதற்கு விலை கிடையாது.

முட்டைக்கோஸும் வெங்காயமும் அப்படியல்ல. இளநாற்றாக இருக்கும்போது குளிர் பட்டாலும் அவற்றுக்கு உறைக்காது. முட்டைக்கோஸின் தண்டு ஏறக்குறைய ஒரு பென்சில் கனம் வந்த பிறகு, சில வாரங்கள் 10 டிகிரிக்குக் கீழே குளிர் நீடித்தால்தான் அது பூக்கும் பக்கம் திரும்பும். பருத்த நாற்றைக் குளிருக்கு முன்பு நட்டவருடைய வயலில் கோஸ் பூத்துப் போவதும், பக்கத்து வயலில் சிறு நாற்று நட்டவருக்குக் கட்டு நன்றாக இறுகுவதும் இதனால்தான். இரண்டு வயலுக்கும் ஒரே விதையாகவும் ஒரே உரமாகவும் இருக்கலாம். மாறுவது, குளிர் வந்த நாளில் செடியின் வயது மட்டுமே.

காலிஃபிளவர் கதை

இப்போது சகோதரியின் செடிக்கு வருவோம். கேரட்டில் வேரையும், முட்டைக்கோஸில் இலையையும் உண்கிறோம். காலிஃபிளவரில் உண்பது பூ உருவாகும் ஆரம்ப நிலையை. ஆகவே நமக்குச் சாப்பிடக் கிடைப்பதற்கே செடிக்குத் தகுந்த குளிர்ச்சி கிடைத்திருக்க வேண்டும்.

இந்தப் பயிர் நம் நாட்டுக்கு 1822இல் வந்ததாகத் தோட்டக்கலை நூல்கள் கூறுகின்றன. லண்டன் கியூ தோட்டத்திலிருந்து விதை கொண்டுவரப்பட்டு சஹாரன்பூரில் பயிரிடப்பட்டது. பிறகு வட இந்திய உழவர்கள் வெயிலிலும் பூ வைத்த செடிகளிலிருந்தே திரும்பத் திரும்ப விதை எடுத்து வந்ததால், வெப்பம் தாங்கும் இந்திய வகை ஒன்று உருவாயிற்று. அதனால் இன்று கடையில் கிடைக்கும் காலிஃபிளவர் விதை ஒரே சாதியல்ல. முன்பருவ ரகங்கள் 20 முதல் 27 டிகிரி வரை பூ வைக்கும். ஸ்னோபால் எனப்படும் பின்பருவ ரகங்களுக்கு 10 முதல் 16 டிகிரி வேண்டும். அந்த ஸ்னோபால் ரகங்களுக்கு விதை எடுக்கவே இமாசலப் பிரதேசத்தின் குலு பள்ளத்தாக்கு போன்ற குளிர்ந்த இடங்களுக்குப் போகிறார்கள்.

நாங்கள் கொடுத்தது பின்பருவ ரகம். பங்குனி, சித்திரை வெயிலில் அது பூக்கும் கட்டளைக்குக் காத்துக்கொண்டே இலையாக வளர்ந்தது. சகோதரி ஊற்றிய தண்ணீரில் குறையில்லை. அவர் போட்ட எருவிலும் குறையில்லை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. முன்பருவ ரகத்தைக் காலம் தாழ்த்திக் குளிரில் நட்டாலோ, முற்றிய நாற்றை நட்டாலோ, செடி வளரும் முன்பே பூ வைத்துவிடும். சட்டைப் பொத்தான் போலச் சிறு பூவோடு நின்றுவிடும். ஆகவே எங்கிருந்தாவது கொஞ்சம் குளிர் கிடைத்தால் போதும் என்பதல்ல. ரகம், பருவம், நாற்றின் வயது மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

பூண்டும் வெங்காயமும்

பூண்டு நம் ஊரின் பெரிய வியாபாரம். நீலகிரிப் பூண்டை விதைக்கென்று வாங்க வட மாநிலங்களிலிருந்தும் வருகிறார்கள். பூண்டில் குளிரின் வேலை பூவுக்காக அல்ல, பல் பிரிவதற்காக. நட்ட பல்லுக்கோ வளரும் செடிக்கோ போதிய குளிர் கிடைக்காவிட்டால் தாள் மட்டும் வளரும். அல்லது பல் பிரியாமல் ஒற்றை உருண்டையாக நிற்கும். அதனால்தான் வெப்பமான இடங்களில் விதைப் பூண்டைச் சில வாரங்கள் குளிரில் வைத்து, பிறகு நடுவது உண்டு.

வீட்டில் ஃப்ரிட்ஜில் வைத்த பூண்டு சீக்கிரம் முளைவிடுவதைப் பெண்கள் கவனித்திருப்பார்கள். ஃப்ரிட்ஜின் குளிர் பூண்டுக்கு, ‘குளிர்காலம் வந்துவிட்டது, முளைக்கும் நேரம் நெருங்குகிறது’ என்று சொல்வது போல. சமையலுக்குள்ள பூண்டைக் காற்றோட்டமான இடத்தில் உலர்வாக வைப்பதே நல்லது.

விதை வெங்காயத்தில் இன்னொரு விநோதம். நடுவதற்கென்று சேமித்த வெங்காயத்தை உறைநிலையை ஒட்டிய கடுங்குளிரில் வைத்தாலும், 25 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பில் வைத்தாலும் அவ்வளவாகப் பூக்காது. இரண்டுக்கும் நடுவே, 5 முதல் 12 டிகிரி வரையுள்ள மிதக் குளிரில் வைத்தால்தான் அதிகமாகப் பூக்கும். பெரிய காய் சீக்கிரம் பூக்கும். சிறு காய் அவ்வளவு பூக்காது. ஆகவே காய்க்காக நடுபவர் சிறிய, ஒரே அளவான வெங்காயத்தையும், விதைக்காக நடுபவர் பெரியதையும் தேர்ந்தெடுப்பது முறை.

கேடு செய்யும் குளிர்

தக்காளியில் இரவு வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே போனால் மகரந்தம் சரியாக வேலை செய்யாமல் பூ உதிரும். வெண்டையும் கத்தரியும் 10 டிகிரியை ஒட்டிய குளிரில் வளர்ச்சி நின்றுவிடும். ஊட்டியில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் இரவுகளில் இலைக்குள் இருக்கும் நீரே உறைந்து, விடிந்ததும் இலை கருகிப்போகும். கோஸ், கேரட் ஓரளவு தாங்கும். உருளைக்கிழங்குச் செடி தாங்காது. சமவெளியில் இருக்கும் நமக்கு இந்தக் கவலை இல்லை. மலை மேல் குத்தகைக்குப் பயிரிடும் நம் சகோதரர்களுக்கு இது ஓர் இரவில் முதலைக் கொண்டுபோகும் விஷயம்.

பிறையும் சூரியனும்

எங்கள் தவறின் வேரைப் பார்த்தால் அது காலண்டரில் இருக்கிறது. ஜகாத் விநியோகம் ரமளானில். ஆகவே விதையையும் ரமளானில் கொடுத்தோம். ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டை விடச் சுமார் 11 நாள் குறைவு. ரமளான் கோடையிலும் வரும், மழையிலும் வரும், பனியிலும் வரும். ஏறக்குறைய 33 ஆண்டுகளில் ஒரு சுற்றுச் சுற்றி வரும். வணக்கத்துக்கு அது அருள். விதைப்புக்கு அது கணக்கல்ல. எகிப்து முஸ்லிம் உழவர்கள் நோன்புக்கும் பெருநாளுக்கும் பிறையைப் பார்த்தாலும், விதைக்கவும் அறுக்கவும் பழைய கிப்தி மாதங்களையே பின்பற்றி வந்தார்கள். நமக்கு ஆடியும் ஐப்பசியும் இருப்பது போல.

மார்க்கமே இந்த வேறுபாட்டை நமக்குக் காட்டியிருக்கிறது. பணத்துக்கும் வியாபாரப் பொருளுக்கும் ஹிஜ்ரி ஆண்டு ஒன்று நிறைந்தால் ஜகாத். விளைச்சலுக்கு ஆண்டு நிறைய வேண்டியதில்லை. அறுவடை நாளில் அதன் உரிமையைக் கொடுக்க வேண்டும் என்பதை அல்அன்ஆம் அத்தியாயத்தின் 141ஆம் வசனத்தில் காண்கிறோம். யூனுஸ் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் காலக் கணக்கைச் சொல்லும் இடத்தில் சூரியனையும் சந்திரனையும் சேர்த்தே குறிப்பிடுகிறது.

இன்னொரு செய்தியும் நினைவுக்கு வருகிறது. மதீனாவாசிகள் பேரீச்சையில் ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் சேர்ப்பதை நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள். அதனால் பயன் இருக்குமா என்ற கருத்தில் அவர்கள் சொன்னதைக் கேட்டு மக்கள் அதை விட்டுவிட்டார்கள், விளைச்சல் குறைந்தது. அப்போது, உலகக் காரியங்களை நீங்களே நன்கு அறிந்தவர்கள் என்ற கருத்தில் நபியவர்கள் தெளிவுபடுத்தியதாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. நல்ல எண்ணம் மட்டும் இருந்தால் பயிர் விளைந்துவிடாது; தொழில் தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டும். நாங்கள் கேட்காமல் கொடுத்தோம்.

கேட்க மறுப்பதால் எவ்வளவு பெரிய கேடு வரும் என்பதற்கு இந்தப் பாடத்தின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. சோவியத் ரஷ்யாவில் லைசென்கோ என்பவர் குளிர்ப்பதனத்தைப் பெரிதாகப் பிரசாரம் செய்தார். ஒரு தலைமுறைச் செடியில் ஏற்றிய குளிரின் மாற்றம் அதன் விதை வழியாகவும் தொடரும் என்று வாதித்தார். உண்மையில் விதை உருவாகும்போது அந்தக் கணக்கு அழிந்து புதிதாகத் தொடங்குகிறது. ஒவ்வொரு தலைமுறையும் தன் குளிரைத் தானே கழிக்க வேண்டும். ஆட்சியின் ஆதரவு லைசென்கோவுக்கு இருந்தது. அவரை மறுத்தவர்களில் ஒருவரான வவிலோவ், உலகெங்கும் அலைந்து விதைகளைச் சேகரித்த பேரறிஞர். 1940இல் கைது செய்யப்பட்டு 1943இல் சிறையிலேயே இறந்தார். தவறைச் சுட்டுபவரை அடக்கினாலும் தவறு சரியாகிவிடாது.

இனி என்ன செய்வது?

அறக்கட்டளை நிர்வாகக் கூட்டத்தில் பேசி எடுத்த முடிவுகள் இவை:

1. ஜகாத் உதவி வழக்கம் போல ரமளானில், உரியவர்களுக்குத் தாமதமின்றிக் கொடுக்கப்படும். விதைத் திட்டம் அதிலிருந்து பிரிக்கப்பட்டு, பொது ஸதகா நிதியிலிருந்து பருவம் பார்த்து நடத்தப்படும்.

2. ஆடி, ஆவணியில் கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை, சுரை, பீர்க்கு விதைகள் தரப்படும். புரட்டாசி, ஐப்பசியில் முள்ளங்கி, பீட்ரூட், கொத்தமல்லி, முன்பருவக் காலிஃபிளவர், வெப்பம் தாங்கும் முட்டைக்கோஸ். மாசி, பங்குனியில் கீரைகள், வெண்டை, கொத்தவரை மட்டும்.

3. ஒவ்வொரு பாக்கெட்டோடும் விதைக்கும் மாதம், நாற்று நடும் வயது, ரகத்தின் பருவம் மூன்றையும் தமிழில் எழுதிய சீட்டு ஒன்று இருக்கும்.

குடும்பங்கள் கவனிக்க வேண்டியவையும் சில உண்டு. காலிஃபிளவர் நாற்றை நான்கு, ஐந்து வாரத்துக்குள் நட்டுவிடுங்கள். ஐரோப்பிய வகைக் கேரட்டிலிருந்தும் முட்டைக்கோஸிலிருந்தும் இங்கே விதை எடுக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். கொத்தமல்லி சீக்கிரம் பூத்துவிட்டால் அது குளிரால் அல்ல, வெயிலாலும் பகல் நீளுவதாலும்தான். நிழல் கொடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விதைத்து வாருங்கள். விதை வாங்கும்போது கடைக்காரரிடம், “எந்த மாசத்து ரகம்?” என்று முதலில் கேளுங்கள். விலையைப் பிறகு கேட்கலாம்.

அந்தச் சகோதரியின் வீட்டுக்கு நாங்கள் நேரில் போய் விவரத்தைச் சொன்னோம். எங்கள் தவறுதான் என்று சொல்லி மன்னிப்பும் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, அந்த இலைகளைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது நட்டவருக்கு ஸதகா என்ற நபிமொழி எங்களுக்கு நினைவு வந்தது. அவருடைய மூன்று மாத உழைப்பு அல்லாஹ்விடம் வீணாகாது. அதற்காக எங்கள் கவனக்குறைவுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றாகிவிடாது.

இந்தப் புரட்டாசியில் முன்பருவ ரகம் ஒன்றை அவருக்கு முதலில் கொடுக்கிறோம். மார்கழியில் பூ வைத்ததா என்று அடுத்த குளிர்கால இதழில் எழுதுவோம், இன்ஷா அல்லாஹ். நமக்குப் பயன் தரும் கல்வியையும், தெரியாததைக் கேட்கும் பணிவையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.